ஏழாவது இடத்தில் இருந்த பாட்டு

அவருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. ஆனாலும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மாத்தளையிலிருந்து பலாபத்வல வரைக்கும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அவர் அக்கா. எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்தவருக்கு அறுபது தாண்டியிருந்தது, அவரும் அக்கா என்றே சொல்வார். அக்கா என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். புதிதாக வருகிறவர்கள் எங்களுக்குள் என்ன உறவு என்று தெரியாமல் முழிப்பார்கள்.

பலாபத்வலயில் யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டோரமாக அவருடைய தையல் கடை இருந்தது. ஒரு மெஷின், ஒரு மேசை, ஒரு பெஞ்சு. தையல்காரர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இருபது பேரிடம் துணி வாங்கி, இருபதையும் வெட்டிக் குவித்துவிட்டு, இருபது பேருக்கும் நாளைக்கு வாங்க என்பார்கள். அக்காவிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு சட்டைத் துணியைத்தான் வாங்குவார். அதை வெட்டி, தைத்து, ஊக்கு வைத்து, உடுத்திப் பார்க்கச் சொல்லி, ஆளை அனுப்பிய பிறகுதான் அடுத்த துணியைக் கையால் தொடுவார். துணியை வைத்துவிட்டுப் போகிறேன் என்று யாராவது கெஞ்சினால், "மொதல்ல இது போகட்டும்" என்பார். அவர் ஒரு நாளில் அதிகமாகச் சொல்லும் வசனம் அதுதான்.

ஒரு தடவை நாவுலயிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா பதினொரு சட்டைத் துணிகளோடு வந்து இறங்கினார். அக்கா ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பையோடு திருப்பிக் கொடுத்தார். அந்த அம்மா வாய்க்கு வந்தபடி திட்டினார். அக்கா தலை நிமிரவில்லை. மறுநாளும் அந்த அம்மா பஸ் ஏறி வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். நாலாம் நாள் சோற்றுப் பார்சலோடு வந்தார். எட்டாம் நாள் பெஞ்சில் உட்கார்ந்து ஊக்கு வைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கல்யாணத்தில் எங்கள் குழுதான் பாடியது, அந்த அம்மா மேடைக்கு வந்து அக்காவைக் கட்டிப்பிடித்தார்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். பருப்பு முடிந்துதான் கத்தரிக்காய், கத்தரிக்காய் முடிந்துதான் கருவாடு. வட்ஸ்அப்பில் மூன்று கேள்வி அனுப்பினால் முதல் கேள்விக்கு மட்டும் பதில் வரும்.

மேடையில் இது பெரிய தலைவலி. நான் பாட்டுப் பட்டியலை அழகாக எழுதிக் கீபோர்ட்டில் ஒட்டி வைப்பேன். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார். ஒரு பாட்டுக்கு நடுவே குனிந்து அடுத்தது எது என்று கேட்டுவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க என்னோடு பேச்சு இல்லை. ஆனால் அவர் பாடுகிற பாட்டைத் தவிர உலகத்தில் வேறு பாட்டே இல்லை என்பதுபோலப் பாடுவார். கல்யாண மண்டபத்தில் பிரியாணித் தட்டோடு போகிறவர்கூட நின்றுவிடுவார். அந்தக் குரல் எங்களுக்குக் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம், நான் அதைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன் என்பதுதான் இந்தக் கதையில் என்னுடைய பங்கு.

நான் மாத்தளை டவுனில் மிளகும் கிராம்பும் மொத்தமாக வாங்கி விற்றவன். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி ஒலிப்பதிவுக்கூடம் என்று பெயர் வைத்திருந்தேன். மிளகு நெடிக்குப் பாடகர்கள் தும்முவார்கள், அதனால் ஒவ்வொரு பாட்டையும் ஏழெட்டுத் தடவை பதிய வேண்டியிருக்கும். என்னுடைய கனவு ஒரு இறுவட்டு, அதாவது சீடி. பத்துப் பாட்டு. வெளியீட்டு விழா. மங்கள விளக்கு, மாலை, வரவேற்புரை, ஆசியுரை, தங்கத் தாளில் சுற்றிய முதற்பிரதி. முதற்பிரதியை வாங்குவதற்குத் தம்புள்ளைச் சந்தையில் பெரிய மரக்கறி வியாபாரியான ஒரு முதலாளியைப் பேசியும் வைத்திருந்தேன். அட்டைப்படம்கூடத் தயார். நான் கைகட்டி நிற்கிறேன், பின்னால் மலை.

தயாராகாமல் இருந்தது பாட்டுகள்தான். ஆறு வருசத்தில் நாலு பாட்டு முடிந்தது. கிட்டார்காரர் கட்டாருக்குப் போனார். பாட்டெழுதியவர் ஒரு வரியைத் திருத்தியதற்காகக் கோபித்துக்கொண்டு போனார். பிறகு ஊரடங்கு, கரண்ட் கட். இதற்கிடையில் இறுவட்டுப் போடுகிற மெஷினே வீடுகளிலிருந்து காணாமல் போய்விட்டது. கொழும்பிலும் சென்னையிலும் பெரிய பெரிய ஆட்களெல்லாம் ஒவ்வொரு பாட்டாக ஃபோனுக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். என் மகள் அதைக் காட்டி என்னிடம் எவ்வளவோ சொன்னாள். எனக்கு ஏறவில்லை. மூட்டைக் கணக்கில் வியாபாரம் பண்ணியவன் நான், ஒற்றைப் பாட்டு விடுவது மிளகை ஐம்பது கிராம் பொட்டலம் கட்டி விற்கிற மாதிரி எனக்குக் கேவலமாகப் பட்டது.

அந்த நாலு பாட்டில் முதலில் பதிந்தது அக்காவுடைய பாட்டு. சொல்லும் மெட்டும் அவரே போட்டது. அது யாருக்கு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அக்காவுக்கு எட்டு வயது இளைய தங்கச்சி ஒருத்தி. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அக்காதான் தூக்கி வளர்த்தவர். தங்கச்சி வில்கமுவயில் வயல் செய்கிற ஒரு சிங்களப் பையனை விரும்பிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பா அதற்குப் பிறகு அவள் பெயரை எடுக்கவில்லை. அப்பா இறந்தபோது தகவல் கேட்டு அவள் வந்தாள். கையைப் பிடித்தபடி ஆறு வயது மகள், கூடப் புருசன். மூன்று பஸ் மாறி வந்திருந்தாள். வாசலில் வந்து நின்று, "அக்கா, நான் பேசணும்" என்றாள். அக்கா அப்போது அப்பாவுக்கு உடுப்பு மாற்றுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "மொதல்ல இது போகட்டும். பொறகு பேசலாம்" என்றவர், பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அங்கே நின்றேன். அக்கா அதைக் கோபத்தில் சொல்லவில்லை, வெறுத்தும் சொல்லவில்லை. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். பஸ்ஸிலே வந்த தங்கச்சிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது தேத்தண்ணி கோப்பை சுவர்மேல் அப்படியே இருந்தது, தங்கச்சி இல்லை.

அதற்குப் பிறகு ஃபோன் எடுத்தால் அக்கா குரல் கேட்டதும் கட் பண்ணினாள். ஒரு தடவை அக்கா வில்கமுவக்கே போனார். தூரத்தில் கண்டதும் தங்கச்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புருசன்காரன் வெளியே வந்து, கூச்சத்தோடு இளநீர் வெட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். திரும்பி வந்த வாரத்தில்தான் அக்கா அந்தப் பாட்டைக் கட்டினார். "பேசினா கட் பண்ணுவா அண்ணே. பாடினா கேப்பா. சின்னதுல நான் பாடாம தூங்கினதில்ல" என்றார்.

பாட்டில் இப்படி ஒரு இடம் வரும்:

பொறகு பேசலாம்னு சொன்னேனே,
அந்தப் பொறகு எந்தப் பஸ்ஸில வரும்?
அழுதுகிட்டே நீ போனியே நங்கி,
அடுத்த பஸ்ஸில வந்திரு.

நங்கி என்பது சிங்களத்தில் தங்கச்சி. புருசன் வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், அதனால் போட்டேன் என்றார் அக்கா. இலக்கியத்தரம் கெட்டுவிடும் என்று நான் தடுத்துப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை. ஒரே பதிவில் தும்மல் இல்லாமல் பாடி முடித்தார். நான் அதைக் கேட்டுவிட்டு, என் பட்டியலை எடுத்து, ஏழாவது இடத்தில் எழுதினேன். ஆறு துள்ளல் பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் சோகம் இருந்தால் நன்றாக இருக்கும் என்பது என்னுடைய கணக்கு. ஒரு மனுசி தன் தங்கச்சியிடம் கேட்ட மன்னிப்பை நான் ஏழாவதாக வைத்தேன். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருசம் அக்கா பொறுத்தார். யாருடைய துணியையும் ஒரு நாள்கூட வைத்திருக்காதவர், தன்னுடைய பாட்டை என்னிடம் ஆறு வருசம் விட்டு வைத்திருந்தார். குழுவுக்குத் தலைவன் நான், விழா பாதியில் குலைந்துவிடக் கூடாது என்று நினைத்தாராம். எப்போதாவது கேட்பார், நான் இன்னும் ஆறு பாட்டுத்தான் என்பேன்.

பிறகு ஒரு நாள் வில்கமுவப் பக்கம் படிப்பிக்கிற ஒரு டீச்சர் சட்டை தைக்க வந்திருக்கிறார். பேச்சுவாக்கில் தங்கச்சியைத் தெரியும் என்றிருக்கிறார். அவளுடைய மகள் பெரிய பிள்ளையானபோது வீட்டில் விசேசம் வைத்தார்களாம். அம்மா பக்கத்துச் சொந்தம் யாருமே வரவில்லையே என்று டீச்சர் கேட்க, எனக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லை, நான் ஒரே பிள்ளை என்று சொல்லியிருக்கிறாள். டீச்சருக்கு அக்கா யாரென்று தெரியாது. அக்கா அந்தச் சட்டையை முடித்துக் கொடுத்துவிட்டு, கடையைச் சாத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேன். அக்கா தராசுக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, எம் பாட்டக் குடுங்க."

இன்னும் ஆறு பாட்டு இருக்கிறதே என்று ஆரம்பித்தேன்.

"உங்க ஆறும் எப்பயாச்சும் வரட்டும். இது போகணும்."

ஒற்றைப் பாட்டை வைத்து எப்படி விழா செய்வது, முதற்பிரதி என்று எதை நீட்டுவது என்று கேட்டேன். இவ்வளவுக்கும் பிறகு எனக்கு வந்த கேள்வி அது. அக்கா அழுகிறாரோ என்று பார்த்தேன். அழவில்லை, நின்றுகொண்டே இருந்தார். கடைக்கு வந்த இரண்டு பேர் விலை கேட்காமலேயே திரும்பிப் போனார்கள். சரி என்றேன்.

சரி என்றாலும் என் புத்தி எங்கே போகும். ஒற்றைப் பாட்டானாலும் முறைப்படி வெளியிட வேண்டும் என்று நின்றேன். பஞ்சாங்கம் பார்த்து, ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில், காலை பத்து பன்னிரண்டுக்குச் சுபநேரம் குறித்தேன். லெப்டொப்புக்குப் பொட்டு வைத்தோம். விளக்கேற்றினோம், தேங்காய் உடைத்தோம். தம்புள்ளை முதலாளி பட்டு வேட்டியில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், கையில் நாலு பக்கப் பேச்சு. சரியாகப் பத்து பன்னிரண்டுக்கு நான் பொத்தானை அழுத்தினேன். எல்லோரும் கை தட்டினார்கள். மகள் குனிந்து திரையைப் படித்துவிட்டு என் காதில் சொன்னாள்: பாட்டு விடுகிற கம்பனிக்காரர்கள் அதைச் சரிபார்த்துத்தான் விடுவார்களாம், நாலைந்து நாள் ஆகுமாம்.

முதலாளி பாட்டு எங்கே என்றார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். எந்தக் கந்தோரில், எந்த ஆபீசரிடம் என்று கேட்டார், தனக்கு ஆட்களைத் தெரியுமாம். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலாளி பேச்சை வீணாக்காமல் நாலு பக்கத்தையும் வாசித்துவிட்டு, வடை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பாட்டு வெளிவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல ராகு காலத்தில். நான் கடையில் இல்லை, மகள் வேலையில் இருந்தாள். அக்கா கடையில் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளைதான் ஃபோனைப் பார்த்து, அக்கா உங்க பாட்டு வந்திருச்சி என்றதாம். முதல் வாரம் கேட்டவர்களில் பாதிப்பேர் எங்கள் குழுவும் எங்கள் சொந்தக்காரர்களும்தான். நான் சொன்னேனே என்று சொல்ல வாய் துடித்தது. நல்லவேளை சொல்லவில்லை.

ஏனென்றால் அக்காவுக்கு ஒரு ஆள் கேட்டால் போதும். அந்த ஒரு ஆளிடம் பாட்டைச் சேர்ப்பதற்கு அவர் தையல் மாதிரியே வேலை செய்தார். நாவுல வழியாக வில்கமுவ போகிற பஸ் ஒன்று அவர் கடைக்கு எதிரே தேத்தண்ணிக்கு நிற்கும். அதன் டிரைவருடைய மனைவிக்கு அக்காதான் சட்டை தைப்பவர். அக்கா டிரைவரிடம் பாட்டைக் காட்டி, நாவுலக்கு அங்கால் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், கொண்டக்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஃபோனில் இறக்கிக் கொடுத்தார். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. நங்கி என்ற சொல் வந்ததும் திரும்பக் கேட்டார், அது என்ன கதை என்று விசாரித்தார். அக்கா சிங்களத்தில் சொன்னார். டிரைவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை போடுகிறேன் என்றார். சொன்னபடியே போட்டார். அந்த பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான் வருகிற ஊர்களெல்லாம் ஏறி இறங்கின. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள்.

இரண்டு கிழமை போனது. அக்கா ஒவ்வொரு நாளும் பஸ் வந்ததும் தைப்பதை நிறுத்தாமல் வாசலைப் பார்ப்பார். அந்தப் பதினான்கு நாளும் நான் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு அங்கே போய்விடுவேன். வராவிட்டால் அந்தப் பாவம் என் தலையில்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வந்தாள். பகல் பஸ்ஸில், தனியாக, ஒரு பையில் எலுமிச்சங்காயும் வயல் அரிசியும் எடுத்துக்கொண்டு. டிரைவர் ஹோர்ன் அடித்துக்கொண்டே பஸ்ஸை நிறுத்தினார். அவள் ரோட்டைக் கடந்து வந்து கடை வாசலில் நின்றாள். அக்கா எழுந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாராக நின்றேன். தங்கச்சி வாயைத் திறந்தாள்.

"யாரு அழுதா? நான் அழவேயில்ல. பல்லக் கடிச்சிகிட்டுத்தான் போனேன். ஊரு பூரா நான் அழுதேன்னு பாடி வச்சிருக்கீங்க."

அக்கா அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார்.

"சரி, நான்தான் தப்பாப் பாடிட்டேன். நீ எப்பிடிப் போனேன்னு சொல்லு. அடுத்த பாட்டுல அப்பிடியே பாடுறேன்."

தங்கச்சி பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். ஆறு வருசத்துக் கோபம். பஸ் நிற்கிற ஹோல்ட் வரைக்கும் எப்படி நடந்தாள், பஸ்ஸில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அக்காவை மனதுக்குள் என்னென்ன பேசினாள், எல்லாம். அக்கா ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. சொல்லச் சொல்லத் தங்கச்சி அழுதுவிட்டாள், அக்காவும் அழுதார், இப்போது அழுவதைப் பாட்டில் போடக்கூடாது என்று தங்கச்சி சொன்னாள். பகல் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வீட்டுக்குப் போனார்கள். நான் ரோட்டோரம் நின்று முழுசாக அழுது முடித்தேன்.

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பத்துப் பாட்டையும் ஒரே கட்டாகக் கட்டி மேடையில் கொடுத்திருந்தால், தங்கச்சி அழுதாள் என்பதுதான் கடைசி வரைக்கும் நின்றிருக்கும். ஒரு பாட்டுப் போனதால்தான் அதற்கு ஒரு பதில் வந்தது. பதில் வந்ததால்தான் இரண்டாவது பாட்டு வந்தது. அக்காவுக்கு இது பிறக்கும்போதே தெரிந்திருக்கும்போல. நான் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். அட்டைப்படத்தை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை, அது இப்போதும் கொழும்புப் பக்கம் வத்தளையில் மகள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இந்த வயதில் நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். அக்காவின் புதுப் பாட்டு இரண்டு மாதத்துக்கு ஒன்று என் ஃபோனில் வந்து விழுகிறது.

இரண்டாவது பாட்டை என் மிளகு அறையில் பதிந்தோம். அக்காவும் தங்கச்சியும் சொல்லுக்குச் சொல் சண்டை பிடித்தார்கள். நான் கீபோர்ட்டில் கையை வைத்துக்கொண்டு அரை நாள் காத்திருந்தேன். "அழல, அழல, பல்லக் கடிச்சேன், அக்கா வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்கல" என்று தங்கச்சி ஆரம்பிப்பாள், அக்கா பின்னால் பிடித்துக்கொள்வார். நல்ல துள்ளல். கோபமாகப் பாட வேண்டிய இடத்தில் தங்கச்சி சிரித்துவிட்டாள். எடுத்துவிடலாமா என்றேன். இருக்கட்டும் என்றார் அக்கா. மகள் அன்றைக்கே ஏற்றிவிட்டாள், நான் பஞ்சாங்கத்தைத் தேடவில்லை.

அந்தப் பாட்டு பிடித்த ஓட்டம் எங்கள் யாருக்கும் நம்ப முடியவில்லை. தம்புள்ளையில் மரக்கறி ஏற்ற நிற்கிற லொறிகளில் அழல, அழல என்று ஒன்று முடிய ஒன்று கேட்டதாக முதலாளி ஃபோன் எடுத்துச் சொன்னார், பெருமை முழுக்க அவருக்கே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு போனார்கள். தமிழ் தெரியாதவர்களும் பல்லைக் கடித்துக் காட்டி ஆடினார்கள். கல்யாணங்களில் வேறு பாட்டைத் தொடங்கவே விடவில்லை.

ஒரு நாள் காலை பத்து மணியிருக்கும், நான் அக்காவின் கடையில் இருந்தேன். அவர் ஃபோன் அடித்தது. கையில் துணி இருந்ததால் அதை எடுத்து ஸ்பீக்கரில் போடும்படி என்னிடம் சொன்னார். தங்கச்சிதான். பின்னால் பஸ் இரைச்சல், பாட்டு, அதற்கு மேல் ஒரு கூட்டமே சேர்ந்து கத்துகிற சத்தம்.

"அக்கா, நான் எறங்குற எடம் போயிருச்சி. பாட்டு முடியட்டும்னு அப்பிடியே உட்காந்திட்டேன். இனி ரெண்டு மைல் நடக்கணும், பரவால்ல."

என்னடி அங்க சத்தம் என்று அக்கா கேட்டார்.

"பஸ்ஸில எல்லாரும் பாடுறாங்க. பாட்டுல எங்கூடப் பாடுறது யாருன்னு ஒரு பொம்பள கேட்டிச்சி. எங்க அக்கான்னு சொல்லிட்டேன்."